தேசிங்கு செத்தது எனக்குத் தெரியாது

தேசிங்கு ராஜா கடைசியில் செத்துப்போகிறார் என்பது ரொம்ப நாள் வரை எனக்குத் தெரியாது.

காரணம், தூக்கம். அப்போது ஏழு வயசு இருக்கும். பெண்ணாடத்தில் அறுப்பு முடிந்த கழனியில் விடிய விடியக் கூத்து. கோரைப்பாய், போர்வை, மடி நிறைய வறுத்த மல்லாட்டையோடு குடும்பமாகப் போய் முன்னால் இடம் பிடித்தோம். டெல்லி பாதுஷாவிடம் ஒரு குதிரை. யாருக்கும் அடங்காது. ஏறப்போய்த் தோற்றதற்காக தேசிங்கின் அப்பா அங்கே சிறையில் கிடக்கிறார். பையன் வளர்ந்து டெல்லிக்குப் போகிறான். அதே குதிரை மேல் ஏறுகிறான். மூங்கிலும் காகிதமும் வைத்துச் செய்த குதிரையை இடுப்பில் மாட்டிக்கொண்டு தேசிங்கு வேஷக்காரர் சுற்றிய சுற்றில் எங்கள் வாயெல்லாம் புழுதி. குதிரை அடங்கியது. அப்பாவுக்கு விடுதலை, பையனுக்குப் பெண். நான் தூங்கிவிட்டேன்.

காலையில் ‘‘அப்புறம் என்னம்மா ஆச்சு?’’ என்று கேட்டேன்.

‘‘அப்புறம் என்ன, விடிஞ்சிடுச்சு. போய்ப் பல்லை விளக்கு.’’

ஆக, எனக்குத் தெரிந்த தேசிங்கு கதை அவ்வளவுதான். ஒரு பையன், ஒரு குதிரை, ஜெயிலில் இருந்த அப்பா வீட்டுக்கு வருகிறார். சுபம். சில வருஷம் கழித்து டூரிங் டாக்கீஸில் 1960-ல் வந்த ‘ராஜா தேசிங்கு’ படத்தைப் போட்டபோது, கதை தெரிந்த தெனாவட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தேன். கடைசி ரீலில் எம்.ஜி.ஆர். சாகிறார். பின்னால் ஒருத்தர், ‘‘வாத்தியார் சாவறதைப் பார்க்கவா காசு குடுத்தேன்?’’ என்று ஆபரேட்டரிடம் சண்டைக்கே போய்விட்டார். எனக்கும் அதே கோபம்தான். ஆனால் என் கோபம் அம்மா மேல்.

போன 2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மராட்டியர்களின் ராணுவக் கோட்டைகள் என்று மொத்தம் 12. அதில் 11 மகாராஷ்டிரத்தில். மிச்சம் ஒன்று, நம் செஞ்சி. அறிவிப்பு வந்த அன்றைக்கு வாட்ஸ்அப்பில் எனக்கு வந்ததெல்லாம் தேசிங்கு. சிவாஜி 1677-ல் பிடித்தது, ராஜாராம் உள்ளே இருந்துகொண்டு மொகலாயப் படையை வருஷக்கணக்கில் இழுத்தடித்தது, 1698-ல் கோட்டை விழுந்தது, எதுவும் யாருக்கும் ஞாபகம் இல்லை. பத்து மாசம்கூட முழுசாக ஆளாத ஒரு பையன்தான் செஞ்சி என்றால் நமக்கு. வந்த அத்தனையும் அவன் வீர மரணம் பற்றி. குதிரை ஏறினதைப் பற்றி ஒருத்தர்கூட அனுப்பவில்லை.

அதனால்தான் ‘பெரிய எழுத்து தேசிங்குராஜன் கதை’யை மறுபடி எடுத்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களுக்காகக் கொட்டை கொட்டையாக அச்சடித்த புத்தகம். ஒருகாலத்தில் பிளாட்பாரத்தில் கிடைத்தது. ஒரே மூச்சில் படித்து முடித்ததும் தோன்றியது: ஏழு வயசில் தூங்கினது சரியான இடத்தில்தான்.

காரணம் சொல்கிறேன்.

இந்தக் கதைப்பாட்டு உண்மையில் இரண்டு பாட்டு. முதல் பாதி, ஒரு குதிரைக்காரனின் கதை. இரண்டாவது பாதி, ஒரு சிப்பாயின் சாவு. பாடியவருக்கு இரண்டாவதில்தான் கண். அதற்காகவே கட்டினார். ஆனால் கை நன்றாக ஓடியிருப்பது முதலாவதில். அந்தக் குதிரை பாராசாரி வெளியே வரும்போது பாட்டின் நடையே மாறிவிடுகிறது. அதுவரை ராஜாக்களின் பேர் வரிசையாய் நொண்டிக்கொண்டிருந்த பாட்டு எழுந்து ஓடுகிறது. பார்க்கிறவர்கள் பயம், ஏறப் போகிறவனின் பொறுமை, ஏறின பிறகு குதிரை ஆகாயத்தில் பறப்பது. பறப்பது நம்பும்படியாக இல்லைதான். ஆனால் நல்ல குதிரை தாவும்போது மேலே இருக்கிறவனுக்கு அப்படித்தான் இருக்கும் என்று ஏறினவர்கள் சொல்கிறார்கள். நாலு காலும் தரையில் இல்லாத அந்த அரை விநாடியைப் பாட்டுக்காரர் நாழிகைக் கணக்கில் நீட்டிவிட்டார். அது பொய் இல்லை, உருப்பெருக்கம்.

இரண்டாவது பாதியிலும் ஓர் இடம் உசத்தி. போருக்குப் போகுமுன் ராணியிடம் விடைபெற வருகிறான். நடுவே திரை. கல்யாணம் ஆகியும் முகம் பார்க்காத பெண்டாட்டி. இதைப் படித்துவிட்டுக் கண் கலங்காதவர்கள் வருமான வரி இலாகாவில் வேலைக்குச் சேரலாம். மற்றதெல்லாம் தெரிந்த சங்கதி. சிங்கவரம் ரங்கநாதர் ‘போகாதே’ என்று முகம் திருப்பிக்கொள்கிறார். வழுதாவூரில் கல்யாணப் பந்தலில் இருந்த நண்பன் மோவுத்துக்காரன் செய்தி வந்ததும் மாலையைக் கழற்றிவிட்டு வருகிறான். எல்லாரும் சாகிறார்கள். தேசிங்கு எதிரி கையால் சாகக்கூடாதே! வாளை மேலே வீசி, நெஞ்சைக் காட்டி, தானே வாங்கிக்கொள்கிறான்.

சரித்திரம் இவ்வளவு அழகாக இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சி.எஸ்.சீனிவாசாச்சாரி 1943-ல் செஞ்சி பற்றி ஆங்கிலத்தில் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். பாட்டையும் ஆவணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த முதல் ஆட்களில் ஒருவர். சுருக்கமாக விஷயம் இது. செஞ்சிக் கோட்டைக்காரராக இருந்த பந்தேல ராஜபுத்திரர் சொரூப்சிங் 1714-ல் காலமானார். கட்டவேண்டிய கப்பம் பல வருஷமாக நிலுவை. மகன் தேஜ்சிங், நம் நாக்கில் தேசிங்கு, பந்தேல்கண்டிலிருந்து வந்து பொறுப்பேற்றான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பாக்கியைக் கேட்டார். பையன் மறுத்தான். 1714 அக்டோபர் 3. மழைக்காலம், ஆற்றில் வெள்ளம். அவன் பக்கம் இருந்தது சுமார் 350 குதிரை என்கிறார்கள். எதிர்ப்பக்கம் ஆயிரக்கணக்கில். வெள்ளத்தில் குதிரையை இறக்கி அக்கரை ஏறினான். கொஞ்ச நேரத்தில் முடிந்தது. துப்பாக்கிக் குண்டு. வயசு 22. ராணி உடன்கட்டை ஏறினாள். செஞ்சியில் செட்டிக்குளக்கரையில் அந்த மேடை இருக்கிறது. ராணிப்பேட்டை அவள் ஞாபகமாக வந்த பெயர் என்பார்கள்.

வரிபாக்கி கேஸ். ஒரு வக்கீல் இருந்திருந்தால் தவணை வாங்கியிருப்பார்.

இதைச் சொன்னால் தேசிங்கு பக்தர்கள் அடிக்க வருவார்கள். அவனைக் குறைக்கவில்லை. 350 பேரோடு வெள்ளத்தில் இறங்குவதற்கு நெஞ்சு வேண்டும். அதைவிட முக்கியம், குதிரை இறங்க வேண்டும். சுழித்து ஓடுகிற செம்மண் தண்ணீரைப் பார்த்தால் குதிரை மிரண்டு நிற்கும். அடித்தால் இன்னும் நிற்கும். மேலே இருக்கிறவனை நம்பினால்தான் கால் வைக்கும். இந்த ஒரு இடத்தில் முதல் பாதியும் இரண்டாவது பாதியும் ஒட்டியிருக்க வேண்டும். டெல்லியில் குதிரையை அடக்கிய கைதான் ஆற்றிலும் பிடித்திருந்தது என்று ஒரு வரி வந்திருந்தால் இது மகா காவியம். பாட்டுக்காரர் அதைக் கோட்டைவிட்டார். சாவு கண்ணில் பட்டுவிட்டது, குதிரை மறந்துவிட்டது.

படம் இன்னும் மோசம். அதில் எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேடம். பிரிந்த சகோதரர்கள், எதிரெதிர்ப் படை. ஜி.ராமநாதன் இசை, பானுமதி, பத்மினி எல்லாம் இருந்தும் அண்ணன் தம்பி கதை வந்து நடு வீட்டில் உட்கார்ந்தவுடன் குதிரை கொட்டகைக்குப் போய்விட்டது.

பெண்ணாடம் குதிரை ஊர் இல்லை, யானை ஊர். ஊர்ப் பெயரிலேயே பெண், ஆ, கடம் மூன்றும் உண்டு, தேவகன்னியரும் பசுவும் யானையும் பூஜித்த தலம் என்பார்கள். கோயில் விமானமே தூங்கானை மாடம், படுத்திருக்கும் யானையின் முதுகு. என் வயசில் ஊரில் உருப்படியாக இருந்தது ஒரே குதிரை. ஸ்டேஷன் வாசலில் ஜட்கா இழுத்த கிழட்டுக் குதிரை. அதன் சொந்தக்காரரும் அன்றைக்குக் கூத்துப் பார்க்க வந்திருந்தார். மறுநாள் நான் தேசிங்கு புராணம் பாடினதைக் கேட்டுவிட்டுச் சேணத்தை அவிழ்த்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்.

‘‘எல்லாம் சரி தம்பி. அந்தக் குதிரைக்குக் கொள்ளு வெச்சது யாரு? பாட்டுல வருதா?’’

இதைவிட நல்ல விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை.

தமிழ்நாட்டுக்கும் குதிரைக்கும் உள்ள உறவே அந்தக் கேள்விதான். மார்க்கோ போலோ பாண்டிய நாட்டைப் பற்றி எழுதியதில் வருகிறது. ராஜாக்கள் கடல் வழியாக ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குகிறார்கள். வருஷக் கடைசியில் மிஞ்சுவது கொஞ்சம். ஏனென்றால் அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் இங்கே இல்லை, தீனியும் சரியில்லை. வெளிநாட்டுக்காரர் சொன்னது, கொஞ்சம் மிகைதான். இருந்தாலும் யோசியுங்கள். கோயில் தூணில் குதிரை முன்னங்காலைத் தூக்கி நிற்கிறது. ஐயனாருக்கு ஊர் எல்லையில் ஆளுயரத்துக்கு மண் குதிரை. விருத்தாசலம் செராமிக் கடையில் வழவழவென்று வெள்ளைக் குதிரை. கல்லில், மண்ணில், பீங்கானில் எல்லாம் செய்துவிட்டோம். கொள்ளு வைப்பவனை மட்டும் செய்யவில்லை.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. ஜப்பானில் ஒரு தேசிங்கு இருந்தார்.

பேர் தாகேய்ச்சி நிஷி. பிரபு குடும்பம், பணம், குதிரைப்படை அதிகாரி. 1930-ல் இத்தாலியில் ஒரு குதிரை வாங்கினார், யுரேனஸ். முரட்டு உயரம், மற்றவர்களுக்கு அடங்காது. பாராசாரியேதான். 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸ். குதிரைத் தாண்டல் போட்டி. வரிசையாகத் தடைகள். தட்டிவிட்டால் அபராதப் புள்ளி, குதிரை மறுத்து நின்றால் இன்னும் அபராதம். அந்த வருஷப் பாதை எவ்வளவு கடுமை என்றால், எந்த நாட்டுக் குழுவும் முழுசாக ஓடி முடிக்கவில்லை. குழு மெடலே கொடுக்க முடியாமல் போயிற்று. தனிநபர் தங்கம் நிஷிக்கு. ஜெயித்ததும் ‘நாங்கள் ஜெயித்தோம்’ என்றாராம். தானும் குதிரையும். ‘நாம்’ வேறு ‘நாங்கள்’ வேறு என்று வைத்திருக்கிற தமிழில் சொன்னால்தான் இதன் ருசி தெரியும். அந்த ‘நாங்களி’ல் ஸ்டேடியத்தில் கைதட்டிய கூட்டத்துக்கு இடம் இல்லை.

அது அடக்கம் இல்லை, டெக்னிக். குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில். நெற்றிக்கு நேர் எதிரே கொஞ்ச தூரம் குருட்டுப் பிரதேசம். தடையை நெருங்கித் தாவுகிற அந்தக் கடைசி நேரத்தில் எதைத் தாண்டுகிறோம் என்று அதற்குத் தெரியாது. முன்னாடியே அளந்து வைத்ததும், மேலே இருக்கிறவன் தப்படியைச் சரியாகக் கொண்டுவந்திருப்பான் என்கிற நம்பிக்கையும்தான். அவன் குதிரையைத் தூக்கிவிட முடியாது. தொந்தரவு செய்யாமல் இருக்கத்தான் முடியும். கடிவாளத்தைத் தளர்த்தவேண்டிய இடத்தில் தளர்த்துவது, அவ்வளவுதான் வித்தை. அதற்குப் பத்து வருஷம் ஆகும்.

அப்புறம் யுத்தம். குதிரை போய் டாங்கி வந்துவிட்டது. நிஷி 26-வது டாங்கிப் படைப்பிரிவின் தலைவராக ஐவோ ஜிமா என்ற கந்தகத் தீவுக்குப் போனார். திரும்பி வர முடியாது என்று தெரிந்தே. 1945 மார்ச்சில் அங்கே இறந்தார். எப்படி என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. டோக்கியோவில் இருந்த யுரேனஸ் கிட்டத்தட்ட அதே சமயத்தில் இறந்துபோனதாம்.

கிளின்ட் ஈஸ்ட்வுட் 2006-ல் எடுத்த ‘லெட்டர்ஸ் ஃப்ரம் ஐவோ ஜிமா’ படத்தில் இந்த நிஷி வருகிறார். அமெரிக்க டைரக்டர், முக்கால்வாசி ஜப்பானிய மொழியில், எதிரியின் பக்கம் நின்று எடுத்த படம். பார்க்காதவர்கள் பார்த்துவிடுங்கள். அதில் ஒரு காட்சி: காயம்பட்ட அமெரிக்கச் சிப்பாய் ஒருவன் குகைக்குள் கிடக்கிறான். நிஷி அவனுடன் ஆங்கிலத்தில் ஹாலிவுட் பற்றிப் பேச்சுக் கொடுக்கிறார். அவன் இறந்தபின் அவன் அம்மா எழுதிய கடிதத்தை ஜப்பானியச் சிப்பாய்களுக்கு மொழிபெயர்த்து வாசிக்கிறார். ஒவ்வொருத்தராக எழுந்து நிற்கிறார்கள். இந்த ஒரு காட்சிக்காகப் பத்து யுத்தப் படங்களை விட்டுக்கொடுக்கலாம்.

ஆனால் ஈஸ்ட்வுட்டும் நம் பாட்டுக்காரரும் ஒரே பள்ளத்தில் விழுகிறார்கள். படத்தில் நிஷி தீவுக்கு ஒரு குதிரையோடு வருகிறார். அழகாக ஒரு சவாரி. விமானத் தாக்குதலில் குதிரை சாகிறது. அப்புறம் அவர் கண்ணிழந்து, தன் கையாலேயே சாகிறார். வாளுக்குப் பதில் துப்பாக்கி, மற்றபடி தேசிங்கு. குதிரை ஏறினவன் கதையில் குதிரைக்குக் கொடுத்த வேலை, எஜமானனுக்கு முன்னால் செத்து நமக்கு மணி அடிப்பது. கந்தகத் தீவில் தண்ணீர் கிடையாது, சிப்பாய்களுக்கே கணக்குப் பார்த்துத்தான் குடிநீர். அந்தக் குதிரை என்ன குடித்தது? ஜட்காக்காரர் கேட்டிருப்பார்.

இன்னொரு தகவலையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஒலிம்பிக்ஸ் குதிரைப் போட்டியில் ராணுவத்தைச் சேர்ந்தவர் என்றால் அதிகாரியாக இருக்க வேண்டும் என்று ஒரு விதி ரொம்ப நாள் இருந்தது. 1948 லண்டனில் ஸ்வீடன் குழு தங்கம் வாங்கியது. குழுவில் ஒருவர், பேர் பெர்சன், நிஜத்தில் சார்ஜன்ட். போட்டிக்காகத் தற்காலிக பிரமோஷன் கொடுத்து அழைத்துவந்திருந்தார்கள். முடிந்ததும் பழையபடி சார்ஜன்ட். விஷயம் வெளியே வந்து அடுத்த வருஷம் தங்கத்தைப் பிடுங்கிவிட்டார்கள். குதிரைக்குத் தெரியுமா முதுகில் இருப்பது சார்ஜன்ட் என்று? அப்புறம் வெட்கப்பட்டு விதியை மாற்றினார்கள். 1952-லும் 1956-லும் அதே பெர்சன் இருந்த குழு மறுபடி தங்கம் வாங்கியது.

அந்த விதி தொடர்ந்திருந்தால் அந்த மேடையில் நிற்கவே தகுதியில்லாமல் போயிருக்கக்கூடியவர் நம்மிடம் ஒருவர் உண்டு. தபேதார் ரகுபீர் சிங். தபேதார் என்றதும் கலெக்டர் ஆபீஸ் வாசலில் தலைப்பாகையோடு நிற்பவர் ஞாபகம் வரும். அவரில்லை. குதிரைப்படையில் அது ஹவில்தாருக்குச் சமமான பதவி. 61-வது குதிரைப்படை, ஜெய்ப்பூர். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் முதல்முறையாகக் குதிரைப் போட்டிகளைச் சேர்த்தார்கள். மூன்று பரீட்சை: முதலில் சொன்னபடி நளினமாக நடக்கவேண்டும், அப்புறம் காடு மேடு தாண்டி ஓடவேண்டும், கடைசியில் தடை தாண்டல். ரகுபீர் சிங் ‘ஷாஜாதா’ என்ற குதிரை மேல் தனிநபர் தங்கம். குழுவுக்கும் தங்கம். வெள்ளி, வெண்கலமும் நம்மவர்களுக்கே. அர்ஜுனா விருது, 1983-ல் பத்மஸ்ரீ. அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டில் தனிநபர் குதிரைப் போட்டி மெடல் ஒன்று இந்தியாவுக்கு வர 36 வருஷம் ஆனது. 2018 ஜகார்த்தாவில் பெங்களூர்ப் பையன் ஃபவாத் மிர்ஸா வாங்கிய வெள்ளி.

டெல்லி, பாதுஷா ஊர். அங்கே ஒரு குதிரைக்காரன் எல்லாருக்கும் முன்னால் ஏறி ஜெயித்துக் காட்டியிருக்கிறான். தேசிங்கு கதையின் முதல் பாதி அப்படியே நடந்திருக்கிறது, தேதி போட்டு, டி.வி.யில். ஒரு சிந்து இல்லை, ஒரு கூத்து இல்லை, படமும் இல்லை. ஏனென்றால் அவர் அந்த மைதானத்தில் சாகவில்லை. இறங்கினார், குதிரையைத் தட்டிக்கொடுத்தார், மெடல் வாங்கினார், மறுநாள் வேலைக்குப் போனார். இதை வைத்துக்கொண்டு ஒரு பாட்டுக்காரர் விடிய விடிய என்ன செய்வார் என்று கேட்கலாம். எங்கள் ஊர்க் கழனியில் அந்த வேஷக்காரர் என்ன செய்தாரோ அதைச் செய்யலாம். நடு ராத்திரிக்கு முன்னால் அந்தக் கூட்டத்தில் ஒருத்தர்கூடத் தூங்கவில்லை. குழந்தைகள் உள்பட. யுத்தம் ஆரம்பித்த பிறகுதான் நாங்கள் வரிசையாகச் சாய்ந்தோம்.

செஞ்சிப் பக்கம் கூத்துக் கட்டுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தேசிங்கு போட்டால் ஒன்பது மணிக்கே போய்விடுங்கள். சாவு பார்க்கவேண்டும் என்று விடிகாலையில் போகிறவர்கள் நல்ல இடத்தைத் தவறவிடுகிறார்கள். என்னிடம் இருக்கும் பெரிய எழுத்துப் பிரதியின் அட்டையில் ஒரு படம். யார் போட்டது என்று பெயர் இல்லை. தேசிங்கு, கையில் வாள், கீழே செஞ்சிக் கோட்டை தீப்பெட்டி அளவுக்கு. குதிரையின் நாலு காலும் ஆகாயத்தில்.